முதல் பட்டதாரியின் முதல் செமஸ்டர்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இ-சேவை மையங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றோடு நிறையப் பேர் அங்கே கேட்டு வருவது முதல் பட்டதாரிச் சான்றிதழ். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதை வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் விசாரித்து எழுதிய பிறகு தாலுகா அலுவலகம் கொடுக்கிற தாள் அது. அதை வைத்திருப்பவர் ஒற்றைச் சாளர கவுன்சிலிங் வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேர்ந்தால், 2010-11 கல்வியாண்டு முதல் தமிழ்நாடு அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அண்ணன் பெயரில் வாங்கியாகிவிட்டால் தங்கைக்குக் கிடையாது.

இந்தச் சலுகைக்கு முன்னும் பின்னும் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு ஒழிந்தது, 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2021-இல் அதே ஒதுக்கீடு பொறியியலுக்கும் மற்றத் தொழிற்படிப்புகளுக்கும். மருத்துவ ஒதுக்கீட்டுக்கு முந்தைய ஆண்டில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த அரசுப் பள்ளி மருத்துவ மாணவர்கள், 7.5 சதவீதம் வந்த முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து சுமார் 400 பேர் ஆனார்கள். 2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கே வரத் தொடங்கியது. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயதுக்கான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். பக்கத்து மாநிலங்கள் பொறாமைப்படக்கூடிய எண்ணிக்கை இது. இதற்காக உழைத்தவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாமே கல்லூரி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறவை, அல்லது உள்ளே போனபின் பணத்துக்கு வழி செய்கிறவை. வகுப்பறைக்குள் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது, முதல் ஆறு மாதத்தில் அதன் நம்பிக்கை எப்படி உடைகிறது, உடைந்தது எப்படி ஒட்டுகிறது என்பதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. பேசினாலும் "தாழ்வு மனப்பான்மையை விடு, உன்னால் முடியும்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அது போதாது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல் அரியர்

ஊர்ப் பள்ளியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பள்ளி வாசல் ஃப்ளெக்ஸ் பேனரில் படம் வந்திருக்கும். கவுன்சிலிங்கில் நல்ல கட் ஆஃப், நினைத்த துறை, ஓரளவு பெயருள்ள கல்லூரி. நாலைந்து மாதத்தில் செமஸ்டர் தேர்வு. ரிசல்ட் வருகிறது. எம்-1 என்று எல்லோரும் சொல்லும் முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பரில் அரியர், அதாவது பாஸ் ஆகாமல் மறுபடி எழுத வேண்டிய பேப்பர். சில சமயம் இயற்பியலிலும். அதுவரை வாழ்க்கையில் ஃபெயில் என்ற சொல்லையே தன் பெயருக்குப் பக்கத்தில் பார்த்திராத பிள்ளை அது.

இது ஏன் நடக்கிறது என்பதற்குப் பாதிக் காரணம் பள்ளியில் இருக்கிறது. பள்ளியில் படிப்பை நடத்துவது ஆசிரியர். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்லிப் டெஸ்ட், தப்பாக எழுதினால் பத்துத் தடவை எழுதச் சொல்வது, புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட வைப்பது. பிள்ளை உழைக்கிறது, ஆனால் எதை எப்போது எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை அதனிடம் இல்லை. கல்லூரியில் அந்த வேலை ஒரே நாளில் பிள்ளையின் தலைக்கு வந்துவிடுகிறது. யாரும் கேட்பதில்லை, யாரும் துரத்துவதில்லை. செமஸ்டரின் பாதி போனபிறகுதான் எவ்வளவு பாடம் பின்தங்கிவிட்டது என்றே தெரிகிறது.

பதினொன்றாம் வகுப்பின் கதை வேறு. கல்லூரிக் கணக்கின் அஸ்திவாரமான எல்லை, வகையீடு எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகப் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் விட்ட பள்ளிகள் ஏராளம். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-26 முதல் அது மறுபடியும் எடுக்கப்பட்டிருக்கிறது. மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க எடுத்த முடிவுதான், அதில் நியாயம் உண்டு. ஆனால் பழைய பழக்கம் திரும்பினால் அதன் விலையைக் கொடுக்கப் போவது யார் என்று யோசித்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. விட்டுப்போன பாடத்தை வீட்டில் உட்கார்ந்து சொல்லித் தர ஆள் இருக்கும் பிள்ளை எப்படியோ கரையேறிவிடும்.

இனிதான் முக்கியமான விஷயம். அதே அரியர் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கும் விழுகிறது. அது வீட்டுக்கு போன் செய்தால் அப்பா என்ன சொல்வார்? "எனக்கும் எம்-1 அரியர்தான்டா. அடுத்த செமஸ்டர்ல சேர்த்து எழுதி எடுத்தேன். மாமாவுக்கு மூணு அரியர் இருந்துச்சு, இப்ப பாரு எங்க இருக்கார்னு." அந்த ஒரு நிமிடப் பேச்சில் அரியர் என்பது கடந்து போகிற ஒன்றாகிவிடுகிறது. முதல் தலைமுறைப் பிள்ளை வீட்டுக்கு போன் செய்தால் அம்மா "நல்லா படிக்கிறியா கண்ணு, சாப்ட்டியா?" என்று கேட்பார். "படிக்கிறேம்மா." அவ்வளவுதான். அரியர் என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்குவதே பெரிய வேலை. விளக்கினால் ஃபெயில் என்றுதான் அவருக்குப் புரியும். அது ஊர் முழுக்கப் போகும். ஆகவே பிள்ளை சொல்வதில்லை. தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வருகிறது: நமக்கு இது சரிப்படாது.

இரண்டு பேர் விடைத்தாளிலும் விழுந்தது ஒரே மதிப்பெண். ஒருவருக்கு அது அந்தப் பேப்பரைப் பற்றிய செய்தி, இன்னொருவருக்குத் தன்னைப் பற்றிய தீர்ப்பு. முதல் தலைமுறை மாணவர்களின் தன்னம்பிக்கைப் பிரச்சினை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் உருவாகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. நான் நல்லவன், வல்லவன் என்ற பொதுவான எண்ணத்தை அவர் பிரித்துத் தனியே வைத்துவிட்டார். குறிப்பிட்ட ஒரு வேலையை, உதாரணமாக இந்த வகைக் கணக்கை, என்னால் செய்து முடிக்க முடியும் என்ற நம்பிக்கையைத்தான் அவர் ஆராய்ந்தார். அது நான்கு வழிகளில் வரும் என்றார். அதே மாதிரி வேலையை முன்பு தானே செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைப் பார்ப்பது. நம்புகிறவர்கள் சொல்லும் ஊக்கச் சொல். பிறகு, உடம்பு காட்டும் அடையாளங்கள்: கை நடுங்கினால் "நமக்கு வராது" என்று மனம் படித்துக்கொள்ளும், நிதானமாக இருந்தால் "வரும்" என்று படித்துக்கொள்ளும். நான்கிலும் வலுவானது முதலாவது, அதாவது தானே செய்து முடித்த அனுபவம் என்பது பண்டூராவின் கருத்து.

இந்த நான்கையும் நம் பிள்ளைமேல் வைத்துப் பாருங்கள். செய்து முடித்த அனுபவம் பள்ளியில் நிறைய உண்டு, ஆனால் அது வேறு வகை வேலை. கல்லூரிக் கணக்கில் முதல் அனுபவமே தோல்வி. தன்னைப் போன்றவர் என்றால், வீட்டிலும் தெருவிலும் அந்தப் படிப்பை முடித்தவர் இல்லை. ஹாஸ்டலில் ஒரு சீனியர் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஊக்கச் சொல் நிறையவே கிடைக்கிறது, ஆனால் அதைச் சொல்கிறவர்களுக்கு அந்தப் படிப்பு தெரியாது என்பது பிள்ளைக்கே தெரியும். உடம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வைவா எனும் வாய்மொழித் தேர்வு நடக்கும் அறைக்கு வெளியே வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பல்கலைக்கழக மதிப்பெண்ணோடு மனம் சார்ந்த எந்தக் காரணி அதிகம் ஒட்டிப் போகிறது என்று நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, இந்தத் தேர்வில் இவ்வளவு எடுக்க என்னால் முடியும் என்ற நம்பிக்கையைத்தான் முதலில் வைத்தது. இதைப் படித்துவிட்டு, சரி, நம்பிக்கையை ஊட்டினால் மதிப்பெண் வந்துவிடும் என்று முடிவு கட்டுவது சுலபம். ஆனால் கேட் டால்ஸ்மா என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் சகாக்களும் 2018-இல் இன்னொரு தொகுப்பாய்வு செய்தார்கள். ஒரே மாணவர்களின் நம்பிக்கையையும் மதிப்பெண்ணையும் கால இடைவெளி விட்டு அளந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எது எதை இழுக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஆனால் நம்பிக்கை மதிப்பெண்ணை இழுப்பதைவிட, மதிப்பெண் நம்பிக்கையை இழுக்கும் வேகம் அதிகம்.

அதனால்தான் கல்லூரிகளில் நடக்கும் தன்னம்பிக்கைப் பேச்சுகளால் பெரிய பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. புது மாணவர்களுக்கென்று மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்துக் கொடுத்திருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் பல இடங்களில் அது சிறப்பு விருந்தினர்களை மேடையேற்றும் நிகழ்ச்சியாகவே முடிகிறது. கைதட்டி, எழுச்சியோடு அரங்கத்தை விட்டு வெளியே வரும் பிள்ளைக்கு, அடுத்த வாரம் மேட்ரிக்ஸ் கணக்கு வராதபோது அந்த எழுச்சி உதவிக்கு வருவதில்லை. இன்னும் மோசம், இவ்வளவு சொல்லியும் நமக்கு வரவில்லையே என்று அது கூடுதலாக வருத்தப்படுகிறது. ஒரு கணக்கைத் தானே போட்டு விடை சரியாக வருவதைப் பார்க்கிற அரை மணி நேரம் அந்தப் பேச்சைவிட அதற்கு அதிகம் செய்யும்.

யாரும் எழுதி வைக்காத விதிகள்

கல்லூரி என்பது பாடம் மட்டும் இல்லை. எழுதாத விதிகள் எக்கச்சக்கம். இவற்றைத் தெரிந்தவர்கள் இவை விதிகள் என்றே உணர்வதில்லை. அவ்வளவு இயல்பாக வீட்டுப் பேச்சில் கலந்திருக்கும்.

ஒரே அறையில் தங்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரு பேப்பரில் 50-க்குக் கொஞ்சம் குறைவாக வந்து ஃபெயில். ஒருவன் சித்தப்பாவுக்கு போன் போடுகிறான். "முதல்ல விடைத்தாள் போட்டோகாப்பிக்கு அப்ளை பண்ணு, கடைசி தேதியை விட்டுடாதே" என்கிறார் அவர். சில நூறு ரூபாய் கட்டி, நகலை வாங்கி, அந்தப் பாட ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறான். ஒரு 13 மார்க் கேள்வியில் விடை தப்பாக இருந்தாலும் ஸ்டெப் சரி, அதற்கு மார்க் விழவில்லை என்று அவர் கண்டுபிடிக்கிறார். ரெவால்யுவேஷனுக்குப் போடு என்கிறார். மறுமதிப்பீட்டில் மார்க் கூடலாம், கூடாமலும் போகலாம். அடுத்த கட்டில்காரனுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது, தெரிந்தாலும் அது ஏதோ சண்டை போடுகிற வேலை என்று தோன்றும். பல்கலைக்கழகம் போட்ட மார்க்கைக் கேள்வி கேட்கலாமா? பணத்தையும் வீணாக்கி, ஆசிரியரின் கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொள்ளவா? கடைசி தேதி போய்விடுகிறது.

மார்க் கூடியதா இல்லையா என்பதைவிட முக்கியமான ஒன்று அந்த நகலில் இருக்கிறது. எங்கே தப்பு செய்தோம் என்பதை முதல் ஆள் தன் கையெழுத்திலேயே பார்த்துவிட்டான். அடுத்த முறைக்கு அது போதும். இரண்டாமவனுக்கு எங்கே விழுந்தான் என்றே தெரியாது. விழுந்தது மட்டும் தெரியும்.

ஸ்டாஃப் ரூமுக்குப் போவதும் இதே ரகம். பள்ளியில் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டால் திட்டு விழப் போகிறது என்று அர்த்தம். அப்படிப் பழகிய பிள்ளைக்குக் கல்லூரியில் தானாக அங்கே போய் "சார், இந்த ஸ்டெப் புரியலை" என்று கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஆசிரியர்களுக்கே புரிவதில்லை. "டவுட் இருந்தா எப்ப வேணா வாங்க" என்று வகுப்பில் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். வருகிறவர்கள் யார் என்று கவனித்தால், பெரும்பாலும் பெரியவர்களிடம் சரிசமமாகப் பேசிப் பழகிய வீடுகளிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். இன்டர்னல் மார்க்கில் அசைன்மென்ட்டின் பங்கு என்ன, வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகப்போகிறது என்றால் யாரிடம் முன்கூட்டியே பேசுவது, இன்டர்ன்ஷிப்புக்கு எந்த மாதம் மெயில் போட வேண்டும் என்று இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

ஆங்கிலத்தை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இயற்பியல் லேபில் யங் குணகம் கண்டுபிடிக்கும் சோதனை. அளவுகோலின் நடுவில் எடையைத் தொங்கவிட்டு, நுண்ணோக்கியில் இறக்கத்தைப் பார்த்துக் குறித்து, கணக்கும் சரியாகப் போட்டாயிற்று. வைவாவில் ஆங்கிலத்தில் கேள்வி வருகிறது. தகைவுக்கும் திரிபுக்கும் உள்ள விகிதம் என்பது தமிழ் வழியில் படித்த அந்தப் பெண்ணுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆங்கிலத்தில் முதல் சொல்லைத் தேடிக்கொண்டே நிற்கிறாள். நாலு விநாடி. தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். ரெக்கார்டில் குறைந்த மார்க் விழுகிறது. இயற்பியல் தெரியவில்லை என்று அவரும் நினைக்கிறார். கொஞ்ச நாளில் அவளும் அப்படியே நினைக்கத் தொடங்குகிறாள். இரண்டாவதுதான் ஆபத்து. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலிருந்து சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் நடத்துகிறது. அதில் சேர்ந்தால் வேலை கிடைக்காதோ என்ற பயம் மாணவர்களுக்கு இன்னும் போகவில்லை. ஆங்கில வழியில் இருந்துகொண்டே முதல் ஆண்டில் மட்டுமாவது வைவாவில் "தமிழில் சொல், பரவாயில்லை" என்று அனுமதிப்பதற்கு எந்தச் சட்டமும் மாற வேண்டியதில்லை. சில ஆசிரியர்கள் ஏற்கெனவே செய்கிறார்கள். அவர்களுக்கு நன்றி.

வீடும் பெயர்ப்பலகையும்

முதல் தலைமுறை மாணவர் வீட்டிலும் ஒரு வேலை பார்க்கிறார். வங்கிக் கடிதம் வந்தால் படித்துச் சொல்வது, ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது, பாட்டியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எந்த வரிசையில் நிற்பது என்று கேட்பது எல்லாம் அந்தப் "படிச்ச புள்ள" தலையில்தான். லீவு நாளில் கல்யாண மண்டபத்தில் பரிமாறும் வேலைக்கோ ஜவுளிக்கடைக்கோ போகிறவர்களும் உண்டு. இதை வெறும் சுமையாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் படிக்கிறாய் என்று கேட்டால் இந்தப் பிள்ளைகள் சொல்லும் பதில் பெரும்பாலும் "தம்பியைப் படிக்க வைக்கணும், வீட்டுக் கடனை அடைக்கணும்" என்பதாகவே இருக்கும். அதில் ஒரு பலம் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் நிக்கோல் ஸ்டீவன்ஸும் சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் "உன் வழியை நீயே கண்டுபிடி, தனித்து நில்" என்ற குரலில்தான் மாணவர்களிடம் பேசுகின்றன. முதல் தலைமுறை மாணவர்களோ குடும்பத்துக்காக, ஊருக்காக என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். பல்கலைக்கழகத்தின் வரவேற்புக் கடிதத்தை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். தனித்து நிற்பதைப் பேசிய கடிதத்தைப் படித்த பிறகு கொடுத்த புதிர்களில் முதல் தலைமுறை மாணவர்கள் பின்தங்கினார்கள். சேர்ந்து கற்பதை, ஒருவருக்கொருவர் உதவுவதைப் பேசிய கடிதத்தைப் படித்த பிறகு அந்த இடைவெளி காணாமல் போனது. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான்.

இதைவிட நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் 642 கிராமத்துப் பையன்களுக்குக் காகிதத்தில் வழிகண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். பாதிப் பேர் மேல்சாதிகள் என்று சொல்லப்படுபவற்றைச் சேர்ந்தவர்கள், பாதிப் பேர் தலித் மாணவர்கள். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகப் புதிர்களை விடுவித்தார்கள். ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்த பிறகு கொடுத்தபோது, தலித் மாணவர்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தது. திறமை அந்தச் சில நிமிடத்தில் குறைந்துவிடாது. நாம் எவ்வளவு செய்தாலும் நியாயமாக மதிக்க மாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பு உள்ளே வந்துவிட்டது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

இப்போது நம் வகுப்பறைகளுக்கு வருவோம். "ஸ்காலர்ஷிப் ஃபார்ம் கொடுக்க வேண்டியவங்க எழுந்து நில்லுங்க", "ஃபர்ஸ்ட் கிராஜுவேட் எல்லாம் யாரு, கை தூக்குங்க", "செவன் பாயின்ட் ஃபைவ் பசங்க தனியா ஆபீஸுக்கு வாங்க". கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஐம்பது பேர் முன்னால் எழுந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம் உத்தரப் பிரதேசத்தில் பெயரும் சாதியும் வாசித்த அதே நிமிடம்தான். அதற்கடுத்த பீரியடில் கணக்கு நடத்துகிறோம். உதவித்தொகை விவரங்களை மாணவரின் போனுக்குத் தனியாக அனுப்புவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இதைச் செய்யாமல் இருப்பதற்கு எந்தக் காரணத்தையும் நான் ஏற்க மாட்டேன்.

பெர்க்லியில் ஒரு கணக்கு வகுப்பு

எது உதவுகிறது என்ற கேள்விக்கு நான் பார்த்த பதில்களில் என்னை அதிகம் கவர்ந்தது அரை நூற்றாண்டுக்கு முந்தையது. 1970-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற இளம் கணித ஆசிரியருக்கு ஒரு கேள்வி. முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் அதிகம் தோற்றார்கள், சீன அமெரிக்க மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஏன்? சக ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வம் போதவில்லை, அடிப்படை போதவில்லை, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்று பதில்கள் வந்தன. நம்மூர் ஸ்டாஃப் ரூமில் கேட்டாலும் இதேதான் வரும். ட்ரைஸ்மன் அதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. இரு தரப்பிலும் இருபது இருபது பேரை எடுத்து, அவர்கள் அறைக்கே போய், எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் பார்த்தார்.

காரணங்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. தோற்றவர்களில் பலர் தங்கள் பள்ளியின் பெருமையாக இருந்தவர்கள். வீட்டில் எல்லோரும் அவர்கள் படிப்பையே நம்பிக்கொண்டிருந்தார்கள். சொன்ன நேரம் தவறாமல் படித்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கணக்கு வரவில்லையென்றால் அது தன் குறை என்று நினைத்துக்கொண்டு. சீன அமெரிக்க மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு, பிறகு கூட்டமாகச் சேர்ந்து ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள். யாருக்குமே வராத கணக்கு எது என்று அங்கே தெரிந்துவிடும். அப்புறம் அது தன் குறையாகத் தோன்றாது, கணக்கு கஷ்டம் என்று ஆகிவிடும். எந்தப் பேராசிரியரிடம் எப்படிக் கேட்பது என்பது போன்ற எழுதாத விதிகளும் அந்தக் கூட்டத்திலேயே கைமாறின.

ட்ரைஸ்மன் அதை வைத்துப் பட்டறைகளைத் தொடங்கினார். அவர் செய்த மிக நல்ல காரியம், அதைப் பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்று அழைக்காததுதான். சிறந்து விளங்கப் போகிறவர்களுக்கான வகுப்பு என்று சொல்லி, வழக்கமான பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து போடச் சொன்னார். தோல்வி வெகுவாகக் குறைந்தது. நம்மிடம் இருப்பது "ஸ்லோ லேர்னர்" வகுப்பு. பெயரிலேயே பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறோம். அதில் உட்கார வைத்து, இரண்டு மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பாஸ் ஆகலாம். கணக்கைப் போட முடியும் என்ற நம்பிக்கை அதில் எங்கிருந்து வரும்?

ஸ்டீவன்ஸ் குழு 2014-இல் இன்னொன்றைச் செய்து பார்த்தது. புது மாணவர்களை உட்கார வைத்து, சீனியர்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குப் பொதுவான அறிவுரைகள் மட்டும். இன்னொரு குழுவுக்கு அதே அறிவுரைகள், ஆனால் பின்னணியோடு சேர்த்து: எங்கள் வீட்டில் யாரும் படிக்காததால் எந்தப் பாடத்தை எடுப்பது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை, அதனால் நான் இன்னாரிடம் போய்க் கேட்டேன், இப்படிச் சமாளித்தேன் என்று. சுமார் ஒரு மணி நேரம். அந்த ஆண்டின் முடிவில், முதல் தலைமுறை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி இரண்டாவது குழுவில் 63 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் பேராசிரியர்களைப் போய்ப் பார்ப்பதும் உதவி கேட்பதும் கூடியிருந்தது. வசதியான ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்தது இது; நம்மூரில் அப்படியே நடந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நம் ஹாஸ்டல்களில் நல்ல சீனியர்கள் எந்த ஆய்வும் இல்லாமல் இதையேதான் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். அது தற்செயலாக நடக்கிறது. கல்லூரி அதை ஒரு வேலையாக எடுத்துச் செய்வதில்லை.

எடுத்துச் செய்வதற்கு வேண்டியது பெரும்பாலும் கையிலேயே இருக்கிறது. யார் முதல் பட்டதாரி என்ற விவரம் கவுன்சிலிங் விண்ணப்பத்திலேயே வந்துவிடுகிறது. முதல் செமஸ்டர் மதிப்பெண் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, எந்தக் கல்லூரியில் முதல் பட்டதாரிகள் மற்றவர்களுக்குச் சமமாக வருகிறார்கள், எங்கே விழுகிறார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட்டால், சேர்க்கையின் போது பெற்றோர் பார்க்க வேண்டிய முதல் பட்டியல் அதுவாகத்தான் இருக்கும். பெயர்கள் வேண்டாம், விகிதம் போதும்.

செய்ய வேண்டிய நேரமும் தெரிந்ததே. முதல் இன்டர்னல் தேர்வின் விடைத்தாள் கைக்கு வருகிற வாரம். செமஸ்டர் ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால், நமக்கு இது சரிப்படாது என்ற முடிவு அதற்குள் உள்ளே வேர் பிடித்துவிடும். அந்த வாரத்தில் ஆசிரியர் விடைத்தாளை வைத்துக்கொண்டு தப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: இது கணக்குத் தெரியாததால் வந்த தப்பு, இது பதினொன்றாம் வகுப்புப் பாடம் விட்டுப்போனதால் வந்தது, இது கேள்வியின் ஆங்கிலம் புரியாததால் வந்தது என்று. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பிறகு ஐந்தாறு பேராகப் பிரித்து, அரியர் எழுதிப் பாஸான ஒரு சீனியரை ஒவ்வொரு குழுவோடும் உட்கார வைத்து, வாரம் இரண்டு முறை கணக்குப் போட வைக்கலாம். எல்லாப் பின்னணி மாணவர்களும் கலந்த குழுக்களாக, மட்டமானவர்கள் என்று யாரையும் பிரிக்காத குழுக்களாக.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இதை மாலை நேர வகுப்பாக வைத்தால் யாருக்காக வைக்கிறோமோ அவர்கள் வர முடியாது. நாலரை மணிக்குக் கல்லூரி பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் இரண்டு பஸ் மாறி ஊர் போய்ச் சேர எட்டு மணியாகிவிடும், பெண் பிள்ளையென்றால் வீட்டில் விடவே மாட்டார்கள். ஆகவே இது டைம் டேபிளுக்குள்ளேயே, பகல் நேர பீரியடாக, வருகைப் பதிவோடு இருக்க வேண்டும்.